மீதி மூன்று விழுக்காடு

தையற்காரர் யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. வாடிக்கையாளர் தன் இடுப்பளவைத் தானே சொன்னால், "சரி சரி" என்று தலையாட்டிக்கொண்டே டேப்பை எடுத்துச் சுற்றிவிடுவார். சுருங்கவே சுருங்காது என்று கடைக்காரன் சத்தியம் செய்த துணியை வாளித் தண்ணீரில் முக்கிக் காயப்போட்டுப் பார்த்த பிறகுதான் அதன்மேல் கத்தரியை வைப்பார். கத்தரி விஷயத்தில் கேட்கவே வேண்டாம். அது துணிக்கு மட்டும்தான். காகிதம், கயிறு, பிளாஸ்டிக் எதுவும் அதன் வாயில் படக்கூடாது, முனை மழுங்கிவிடும். அவர் மனைவி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு பால் பாக்கெட்டைக்கூட அதால் வெட்டியதில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்குத் தன் வீட்டுக் குழாய்த் தண்ணீரைச் சந்தேகிக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியதே இல்லை. தண்ணீர் தெளிவாக இருந்தது, வாடையில்லை, பிறகென்ன என்று இருந்துவிட்டார். மகள் கர்ப்பமாக இருந்தாள். அவள் கணவனுக்குக் கப்பலில் வேலை, எந்தக் கடலில் இருக்கிறான் என்பது அவனுக்கே சரியாகத் தெரியாது. அதனால் அவள் அப்பா வீட்டில்தான் இருந்தாள். ரத்தம் சோதித்த டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ரத்தத்துல கொஞ்சம் ஈயம் தெரியுது. இப்போதைக்கு பயப்படுற அளவு இல்ல. ஆனா இது ஏறவே கூடாது. வயித்துல இருக்கிற குழந்தையோட மூளையில போய் உக்காந்துடும். வீட்டுத் தண்ணியில இருந்து வருதான்னு முதல்ல பாருங்க."

 தையற்காரர் அன்றைக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊரின் மறுகோடியில் இருந்த மைத்துனி வீட்டுக்குப் போய் இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்தார். மகள் குடிக்க அது மட்டும்தான் என்று வீட்டில் உத்தரவு போட்டார். பிறகு தன் வீட்டுக் குழாயில் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு தெருக்கோடிக்கு நடந்தார்.

தெருக்கோடியில்தான் நன்னீர் உயர் ஆய்வு நிலையம் இருந்தது. நீண்ட மதில், வாசலில் செயற்கை நீரூற்று, ஊற்றுக்கு நடுவே பளிங்கில் ஒரு துளி. அந்தத் தெருவில் எத்தனையோ வருடங்களாக நின்றிருந்த கட்டடம் அது, ஆனால் தெருக்காரர் ஒருவரும் உள்ளே போனதில்லை.

வாசல் காவலர் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுல என்ன?"

"தண்ணிங்க."

"தண்ணி உள்ள கொண்டுபோகக் கூடாது."

"இது தண்ணி ஆபீஸ்தானே?"

"அதனாலதான்," என்றார் காவலர். பாட்டிலைத் தன் அறை அலமாரியில் வைத்துக்கொண்டு, கையை வீசிக்கொண்டு போகச் சொன்னார். திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம் என்றார். அவர் சொன்னதையும் தையற்காரர் நம்பவில்லை, அது சரியாகத்தான் போயிற்று.

உள்ளே நீளமான மேசையில் கண்ணாடிக் குடுவைகள் வரிசையாக இருந்தன. அங்கே ஓர் ஆராய்ச்சியாளர், நடுவயதுப் பெண்மணி, தட்டு நிறைய வெள்ளை மணிகளைப் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தார். சட்டைப் பித்தானைவிடச் சிறியவை. பிற்பாடு தெருவே அவரை மணிக்காரம்மா என்றுதான் அழைத்தது. அந்த நிலையத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற வழக்கம் அவருக்கு மட்டும்தான் இருந்தது.

"இது இறால் ஓட்டிலேர்ந்து எடுக்கிறதுங்க. ஓட்டை நல்லாக் கழுவி, காரத்துல, அதான் காஸ்டிக் சோடாவுல, வேகவெச்சுப் பக்குவப்படுத்தினா பிசின் மாதிரி ஒண்ணு வரும். அதை இப்படி மணியா உருட்டி, மேல கண்ணுக்குத் தெரியாத கொக்கிங்களை மாட்டுவோம். தண்ணி இதுக்குள்ள பூந்து போகும்போது ஈயம் அந்தக் கொக்கியில மாட்டிக்கும்."

கொக்கி என்றதும் தையற்காரருக்குச் சட்டென்று புரிந்துபோயிற்று. வாழ்நாள் முழுக்கக் கொக்கி தைத்தவர் அவர். "எல்லாக் கொக்கியும் மாட்டிக்கிச்சுன்னா?"

"எடுத்து அமிலத்துல கழுவி, மறுபடி போடணும்."

"நல்லா இருக்கே. அப்படியே எங்க வீட்டுத் தண்ணியையும் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கம்மா. என் பொண்ணு அதைக் குடிக்கலாமா?"

மணிக்காரம்மா ஒருமுறை உள்ளறைக் கதவைப் பார்த்தார். "நாங்க வெளித்தண்ணியைத் தொடுறது இல்லைங்க. அதுல உப்பு, சுண்ணாம்பு, என்னென்னமோ கலந்திருக்கும். சுத்தமான தண்ணியை எடுத்து, நாங்களே அளந்து ஈயத்தைக் கரைப்போம். அப்புறம் அந்த ஈயத்தை எடுப்போம்."

"நீங்க போட்ட ஈயத்தை நீங்களே எடுப்பீங்க."

"ஆமா."

"போடாமலே இருந்துட்டா?"

அவர் பதில் சொல்வதற்குள் உள்ளறைக் கதவு திறந்தது. நிலையத்தின் இயக்குநர் வந்தார். உயரமான மனிதர். எதிரே ஒருவர் நின்றால் ஒரு கூட்டம் நிற்பதாக நினைத்துக்கொண்டு பேசுகிற பழக்கம் அவருக்கு.

"இவர் யார்?"

"தெருவுல இருக்காராம் சார். தண்ணி சோதிக்கணுமாம்."

இயக்குநர் தையற்காரரைத் தலையிலிருந்து கால்வரை அளந்தார். பிறகு முகம் மலர்ந்தது. "மேலிடத்துலேர்ந்து போன வாரம் ஒரு கேள்வி கேட்டாங்க. இத்தனை வருஷமா ஆராய்ச்சி பண்றீங்களே, மக்களுக்கு எப்போ போய்ச் சேரும்னு. நான் மக்களைத் தேடிக்கிட்டே இருந்தேன். நீங்க மக்கள்தானே?"

தையற்காரர் இதில் ஏதாவது வில்லங்கம் இருக்குமோ என்று யோசித்தார். "அப்படித்தான் நினைக்கிறேன் சார்."

"அருமை. உங்க தெருவுக்கு ஒரு தூண் வெக்கிறோம்."

"என் பொண்ணு அந்தத் தண்ணியைக் குடிக்கலாமா சார்?"

"தூண் வரட்டும்," என்றார் இயக்குநர்.

தூண் வந்தது. ஆள் உயரக் கண்ணாடிக் குழாய், உள்ளே வெள்ளை மணிகள். தெருவுக்கு வரும் பெரிய குழாயைத் திருப்பி அதன் தலையில் விட்டார்கள், அடியிலிருந்து வீடுகளுக்குப் போயிற்று. அதைச் சுற்றி மேடை கட்டி, தூணுக்கு நாடா சுற்றி, நாற்காலிகள் போட்டு, ஒலிபெருக்கி வைத்தார்கள். நாடா வெட்டக் கத்தரி கொண்டுவர மட்டும் மறந்துவிட்டார்கள். எல்லோரும் தையற்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பிளாஸ்டிக் நாடாங்களே," என்று இழுத்தார் அவர்.

"மகளுக்காகத்தானே?" என்றார் இயக்குநர். தையற்காரர் வீட்டுக்குப் போய்க் கத்தரியை எடுத்துவந்து கொடுத்தார். இயக்குநர் நாடாவை வெட்டியபோது அது வெட்டுப்படாமல் மடங்கிக்கொண்டது. அவர் இழுத்து இழுத்து நறுக்குவதைப் பார்க்கச் சகிக்காமல் தையற்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இயக்குநர் பேசினார். "ஈயம் ஆதிகாலத்துலேர்ந்து மனுஷனைப் பிடிச்சுக்கிட்டு வருது. இன்னைக்கு முதல் தடவையா மனுஷன் ஈயத்தைப் பிடிக்கிறான். ஆய்வுக்கூடத்துல நாங்க தொண்ணூத்தொம்பது விழுக்காடு பிடிச்சோம். அந்தத் தண்ணியில ஈயமும் எங்களோடது, தண்ணியும் எங்களோடது. இன்னைக்கு முதல் தடவையா அந்நியத் தண்ணியில இறங்குறோம்." பிறகு தையற்காரரின் சட்டையில் ஓர் அட்டையைக் குத்திவிட்டார். அதில் 'பயனாளி' என்று போட்டிருந்தது.

தையற்காரர் மைத்துனி வீட்டுத் தண்ணீரை நிறுத்தவில்லை. "தூண் என்ன பண்ணுதுன்னு தெரியட்டும்," என்று சொல்லிவிட்டுக் கேரியரில் குடத்தைக் கட்டினார்.

என்ன பண்ணிற்று என்பது சீக்கிரமே தெரிந்தது. தூணின் தலையிலும் அடியிலும் தண்ணீர் பிடித்து அளந்தார்கள். தூண் முப்பது விழுக்காடுதான் பிடித்திருந்தது. இயக்குநர் தெருக்காரர்களைக் கூட்டினார். அவர் முகத்தில் கோபத்தைவிட மனவருத்தம்தான் அதிகம் தெரிந்தது.

"நான் யாரையும் குறை சொல்ல வரல," என்று ஆரம்பித்தார். "ஆனா இந்தத் தெரு எங்களை ஏமாத்திடுச்சு. உங்க தண்ணியில சுண்ணாம்பு இருக்கிற அளவுக்கு ஈயம் இல்ல. எங்கேயோ மூலையில கொஞ்சூண்டு ஈயம் ஒளிஞ்சுக்கிட்டிருக்கு. இவ்வளவு சொற்பமா இருந்தா எங்க மணி எதைப் பிடிக்கும்? நல்ல ஈயம் வேணாமா? ஒரு மணிக்கு அதோட திறமையைக் காட்ட ஒரு வாய்ப்பு வேணாமா?"

தெருக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவர், தன் வீட்டில் ஈயம் கலந்த பழைய பெயின்ட் டப்பா இருப்பதாகவும் வேண்டுமானால் தருவதாகவும் சொன்னார்.

தையற்காரர் கையைத் தூக்கினார். "ஈயம் கம்மியா இருக்குதுன்னா நல்லதுதானே சார்? அப்போ என் பொண்ணு குடிக்கலாமா?"

இயக்குநர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "குடிக்கிறது எங்க துறை இல்ல. நாங்க விழுக்காடு. தண்ணி எப்படி இருக்குன்னு நாங்க சொல்ல முடியாது, எத்தனை விழுக்காடு மாறிச்சுன்னுதான் சொல்ல முடியும்."

அன்று மாலை மணிக்காரம்மா தையல்கடைப் பக்கம் வந்தார். பித்தான் வாங்குவதுபோல நின்றுகொண்டு தாழ்ந்த குரலில் சொன்னார். "முப்பது ஒண்ணும் மோசம் இல்லைங்க. மணியை அடிக்கடி கழுவி, தூணைக் கொஞ்சம் பெருசாக்கினா இந்தச் சின்ன ஈயத்தையும் பிடிச்சுடலாம். நான் சொல்லிப் பாத்தேன். முப்பதை வெளிய சொன்னா மேலிடம் சிரிக்கும்னு சாருக்கு பயம்."

அடுத்த வாரம் தூணுக்குப் பக்கத்தில் ஒரு நீல டிரம் வந்து உட்கார்ந்தது. அதைச் சுற்றி இரும்புக் கூண்டு, கூண்டுக்குப் பூட்டு. டிரம்மின் அடிக்குழாயில் ஒரு சின்ன மோட்டார் இருந்தது, அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் கிளம்பி, வளைந்து ஏறி, தூணின் தலைக்குப் போயிற்று. டிரம்மின்மேல் 'ஊட்டம்' என்று அழகான எழுத்தில் எழுதியிருந்தது. என்ன ஊட்டம், யாருக்கு ஊட்டம் என்று தெருக்காரர் யாரும் கேட்கவில்லை. ஏதோ சத்து மருந்தாக்கும் என்று இருந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு தூண் எடுத்த எடுப்பில் தொண்ணூற்றேழு விழுக்காட்டைத் தொட்டது. ஒலிபெருக்கி கட்டிய வண்டி தெருவை வலம் வந்தது. நிலையத்தின் மதிலில் 97 என்று விளக்கு போட்டார்கள். தெருக்காரர்களுக்கே ஒரு மிதப்பு வந்துவிட்டது. பக்கத்துத் தெருக்காரர்களைப் பார்த்தால், "உங்களுக்கு எத்தனை?" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

"தொண்ணூத்தேழு பர்சென்ட்டாம்," என்றாள் தையற்காரரின் மனைவி. "இன்னுமா நம்பிக்கை வரல? நாளெல்லாம் சைக்கிள்ல குடத்தைக் கட்டிக்கிட்டு அலையுறீங்க. முட்டி வலிக்குதுன்னு அப்புறம் என்கிட்டதான் தைலத்தோட வருவீங்க."

"முப்பது எப்படி ஒரே வாரத்துல தொண்ணூத்தேழு ஆகும்?"

"படிச்சு பாஸ் பண்ணியிருக்கும்," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

தையற்காரருக்கு அந்த டிரம் கண்ணை உறுத்தியது. சட்டை வெட்டும்போதும் பித்தான் தைக்கும்போதும் கடை வாசல்வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் காலையில் ஓர் ஆள் வந்து கூண்டைத் திறந்து டிரம்மை நிரப்புவான். நிரப்புமுன் முழங்கைவரை கையுறை போடுவான், மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வான், கண்ணுக்குக் கண்ணாடி மாட்டுவான். சத்து மருந்து ஊற்றுகிறவனுக்கு எதற்கு இத்தனை கவசம் என்று அவருக்கு விளங்கவே இல்லை. ஒருநாள் அளவு டேப்பைக் கழுத்தில் போட்டபடியே எழுந்து நேராக இயக்குநரிடம் போனார்.

இயக்குநர் எதையும் மறைக்கவில்லை. கேட்க ஓர் ஆள் கிடைத்தாரே என்று பூரித்துப்போனார். "ஊட்டம்னா ஈய ஊட்டம். நம்ம நிலையத்தோட முதல்தர ஈயம். உங்க தெரு ஈயம் போதாதுன்னு தெரிஞ்சதும், குறையை நாமளே சரி பண்ணிடலாம்னு முடிவு பண்ணினோம். தூணுக்குள்ள போறதுக்கு முன்னாடி நூறு பங்கு இருக்கிற மாதிரி கலக்குறோம். தூண் அதுல தொண்ணூத்தேழைப் பிடிச்சுடுது."

"தெருத் தண்ணியில ஈயத்தைக் கலக்குறீங்க."

"கலந்து, எடுக்கிறோம்."

"மீதி மூணு?"

"மீதி மூணு உங்களுக்கு வருது."

தையற்காரர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "முன்னாடி எங்களுக்கு எத்தனை வந்துச்சு சார்?"

"அதெல்லாம் ஒண்ணுக்கும் கீழே. பேசத் தகுந்த அளவே இல்ல."

"அப்போ ஒண்ணுக்கும் கம்மியா குடிச்சவங்க இப்போ மூணு குடிக்கிறோம்."

"நீங்க மூணைப் பார்க்கிறீங்க," என்றார் இயக்குநர் அன்பாக. "நான் தொண்ணூத்தேழைப் பார்க்கிறேன். படிப்புங்கிறது இதுதான்."

"அந்த மூணையும் எடுத்துடுங்களேன் சார். இன்னொரு தூண் வெச்சு."

"வெக்கலாமே. ஆனா அதுக்குள்ள போற தண்ணியில மூணுதானே இருக்கும்? அந்தத் தூணும் முப்பதுல நின்னுடும். அதுக்கும் ஒரு டிரம் வெக்க வேண்டி வரும்."

தையற்காரர் அங்கே நிற்கவில்லை. டேப் கழுத்தில் ஆட வீட்டுக்கு ஓடினார். மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து குழந்தைக்குக் குல்லாய் பின்னிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பாதி குடித்த டம்ளர்.

"இது எந்தத் தண்ணி?"

"நம்ம தண்ணிதாம்பா. தொண்ணூத்தேழு வந்ததிலேர்ந்து அம்மா இதைத்தான் தர்றாங்க. உங்க முட்டிக்காகத்தான் உங்ககிட்ட சொல்லல. சித்தி வீட்டுத் தண்ணியைச் சமையலுக்கு வெச்சுக்கிட்டாங்க."

சமையலறை வாசலில் மனைவி நின்றாள். அவர் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார்.  ஆனால் டம்ளரை எடுத்துச் சாக்கடையில் கொட்டினார். "டாக்டர்கிட்ட கிளம்புங்க," என்று மட்டும் சொன்னார்.

ஈயம் ஏறியிருந்தது. டாக்டரம்மா நல்லவேளை இப்போதாவது தெரிந்தது, இன்றோடு நிறுத்தினால் இறங்கிவிடும், தொடர்ந்தால் நான் எதற்கும் பொறுப்பில்லை என்றார். வரும் வழியெல்லாம் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே வந்தாள். "என் கையால கொடுத்தேன்," என்று ஒருமுறை சொன்னாள். தையற்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். தெருவில் வைத்து அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

மகளைச் சித்தி வீட்டுக்கே அனுப்பிவிட்டார். ஆனால் அந்தத் தெருவில் இன்னும் எத்தனையோ டம்ளர்கள் நிறைந்துகொண்டிருந்தன. வீடு வீடாகப் போய்ச் சொன்னார். "தெருவுக்கு இப்போதான் ஒரு பேர் வந்திருக்கு, அதைக் கெடுக்காதீங்க," என்றார்கள். குழாய் அலுவலகத்துக்குப் போனார். தூண் இருக்கும்வரை அது நிலையத்தின் தண்ணீர் என்றார்கள். கூண்டின் பூட்டையும் ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. கடைசியில் டாக்டரம்மா கொடுத்த ரத்தச் சோதனை முடிவைக் கையோடு எடுத்துக்கொண்டு மறுபடி இயக்குநரிடம் போய், இதைப் பார்த்தாவது மனிதனுக்கு உறைக்காதா என்று அவர் முன்னால் வைத்தார்.

இயக்குநர் பார்த்தார். மூச்சை இழுத்தார். எழுந்துவந்து தையற்காரரைக் கட்டிக்கொண்டார்.

"எத்தனை நாளா இதைத் தேடினேன் தெரியுமா? மீதி மூணு எங்க போச்சுன்னு மேலிடம் என்னைத் துளைச்சு எடுத்துட்டாங்க. சாக்கடையில தேடினேன், கிடைக்கல. மண்ணுல தேடினேன், கிடைக்கல. உங்க மகள் பிடிச்சு வெச்சிருக்காங்க." பிடியை விட்டுவிட்டு விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். "யோசிச்சுப் பாருங்க. இறால் ஓட்டை வேகவெக்கணும், உருட்டணும், கொக்கி மாட்டணும். மனுஷ உடம்புக்கு அந்த வேலையே இல்ல. இயற்கையாவே பிடிச்சுக்குது. தூண் தொண்ணூத்தேழு, தெரு மூணு. ஆகமொத்தம் நூறு விழுக்காடு. உலகத்துல யாரும் நூறைத் தொட்டதில்ல."

 மூலையில் மணிகளைத் துடைத்துக்கொண்டிருந்த மணிக்காரம்மா தலையை நிமிர்த்தவே இல்லை.

"விழாவுக்குக் கத்தரியை மறக்காம எடுத்துட்டு வாங்க," என்று வாசல்வரை வந்து சொன்னார் இயக்குநர்.

நூறு விழுக்காட்டு விழாவுக்கு மேலிடத்திலிருந்தே ஒரு விருந்தினர் வந்தார். குண்டான, சாதுவான மனிதர். வந்ததும் விசிறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் நேரில் பார்க்க வேண்டும் என்பதற்காக அன்று கூண்டைத் திறந்துவைத்து, டிரம்முக்கு மாலை போட்டிருந்தார்கள். புது நாடா கட்டியிருந்தது. தையற்காரர் பயனாளி அட்டையோடும் கத்தரியோடும் டிரம் பக்கத்தில் நிறுத்தப்பட்டிருந்தார். கத்தரியைக் கொண்டுவராமலே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் அன்று கூண்டைத் திறப்பார்கள் என்று பித்தான் வாங்க வந்த மணிக்காரம்மா முந்தின நாள் சொல்லியிருந்தார். அவர் போனதும் தையற்காரர் கத்தரியைத் துடைத்து எடுத்துவைத்தார்.

இயக்குநர் பேசினார். "ஒரு தூண் சாதிச்சதை ஒரு தெரு முழுமையாக்கியிருக்கு. இந்தத் தெருவாசிகள் ஒவ்வொருத்தரும் இனிமே வெறும் மக்கள் இல்ல. எங்க நிலையத்தோட கடைசிக் கட்ட வடிகட்டிகள். குறிப்பா, கருவுல இருக்கிற ஒரு குழந்தைகூட இந்த ஆராய்ச்சிக்குத் தோள் கொடுத்திருக்கு."

எல்லோரும் கை தட்டினார்கள். சிலர் தட்டிக்கொண்டே பக்கத்திலிருப்பவரைத் திரும்பிப் பார்த்தார்கள். கடைசி வாக்கியம் சிலருக்கு இடறியிருக்க வேண்டும்.

விருந்தினர் உருகிப்போய்விட்டார். வெயில் வேறு. தூணுக்கடியில் அலங்காரத்துக்காகப் பிடித்துவைத்திருந்த தண்ணீர் டம்ளரை எடுத்தார். தெளிவான தண்ணீர், வாடையில்லை. வாய்வரை கொண்டுபோனவர் மரியாதைக்காக ஒரு வார்த்தை கேட்டார்.

"நான் குடிக்கலாமா?"

"வேண்டாம்," என்றார் இயக்குநர்.

அவர் மட்டுமில்லை. அவருக்குப் பின்னால் நின்ற துணை இயக்குநர், அவருக்குப் பின்னால் நின்ற அதிகாரிகள், டிரம் நிரப்புகிறவன், வாசல் காவலர்வரை எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். சொல்லும்போதே இயக்குநரின் கை டம்ளரின் வாயை மூடிவிட்டது. பிறகுதான் சுற்றிலும் நிலவிய அமைதி அவர் காதில் விழுந்தது. "அதாவது ஐயா, நீங்க குடிச்சுட்டு ஊருக்குப் போயிட்டா, அந்த ஈயமும் தெருவை விட்டுப் போயிடும். கணக்கு நூறு வராது."

 எத்தனை நாளாகத் தையற்காரர் இந்த ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டு இந்த மனிதர்களின் வாசலில் நின்றார். குடிப்பது எங்கள் துறை இல்லை என்றார்களே. இவர்களுக்குப் பதில் தெரிந்திருந்தது. முதல் நாளிலிருந்தே, மனப்பாடமாக, யோசிக்காமல் சொல்கிற அளவுக்குத் தெரிந்திருந்தது. கேட்கிற ஆள்தான் சரியில்லாமல் போயிருக்கிறது.

"பயனாளி, கத்தரியைக் கொடுங்க," என்றார் இயக்குநர் அவசரமாக.

"நானே வெட்டுறேன் சார்," என்றார் தையற்காரர். கூண்டுக்குள் ஓர் அடி வைத்து, டிரம்மிலிருந்து தூணுக்கு ஏறிய ரப்பர் குழாயைக் கத்தரியின் வாயில் கொடுத்து அழுத்தினார். தடித்த ரப்பர். ஒரே அழுத்தில் போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாவது முறை அழுத்தினார். குழாய் துண்டாகி விழுந்து, ஊட்டம் மேடைக் கம்பளத்தில் பீச்சியடித்தது.

"தொடாதீங்க, விஷம் அது, விஷம்," என்று இயக்குநர் நாற்காலிமேல் ஏறினார். ஒலிபெருக்கியை யாரும் நிறுத்தியிருக்கவில்லை. அந்தச் சொல் தெரு முழுக்கக் கேட்டது, சமையலறையில் இருந்தவர்களுக்கும் கேட்டது. கையுறைக்காரன் பாய்ந்து வந்து டிரம்மின் குழாயை மூடினான்.

பிறகு யாரும் கை தட்டவில்லை. பெயின்ட் டப்பா தருகிறேன் என்று சொன்னவர்தான் முதலில் மேடையில் ஏறினார். அவர் என்ன கேட்டார் என்பது தெரியாது. இயக்குநர் நாற்காலியிலிருந்து இறங்கவில்லை.

நிலையம் தூணையும் டிரம்மையும் பிடுங்கிக்கொண்டு போயிற்று. தெரு ஒத்துழைக்காததால் நூறு விழுக்காடு கைநழுவிவிட்டது என்று அறிக்கை வந்தது. மணிக்காரம்மா, காவலர் அறை அலமாரியில் தூசி படிந்து கிடந்த தையற்காரரின் பழைய பாட்டிலை எடுத்துப்போய், இயக்குநர் விடுப்பில் இருந்த நாளில் சோதித்தார். வீட்டுக் குழாய்த் தண்ணீர் ஒன்று அந்த நிலையத்துக்குள் சோதிக்கப்பட்டது அதுதான் முதல் தடவை. அதில் ஈயம் இருந்ததும் குழாய் வந்த வழியெல்லாம் நடந்து பார்த்து, தெருமுனை வளைவில் இருந்த பழைய ஈயக் குழாய்தான் காரணம் என்று கண்டுபிடித்துச் சொன்னார். தெருவே திரண்டுபோய் நின்றதும் குழாய் அலுவலகம் அதை மாற்றிக் கொடுத்தது. மகளின் ரத்தத்தில் ஈயம் இறங்கத் தொடங்கியது. டாக்டரம்மா இனிக் கவலை இல்லை என்றார். தையற்காரர் தலையாட்டிவிட்டு, வேறொரு டாக்டரிடமும் ஒருமுறை காட்டினார்.

கத்தரிதான் பாழாகிவிட்டது. துணியை வெட்டச் சொன்னால் மென்றது. சாணைக்காரரிடம் கொண்டுபோனார்.

சாணைக்காரர் முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "இதால என்னத்தை வெட்டினீங்க? பாத்துப் பாத்து வெச்சிருப்பீங்களே."

"ரப்பர் குழாய்."

"இனிமே துணியை மட்டும் வெட்டுங்க," என்று சக்கரத்தைச் சுழற்றினார் சாணைக்காரர். பொறி பறந்தது. "ஆமா, அந்தத் தூணை இப்போ எங்க தெருவுல கொண்டுவந்து நட்டிருக்காங்க. நல்லதுதானேங்க? நீல டிரம்மு ஒண்ணும் வரப்போகுதாம்."

தையற்காரர் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தார்.

"கொஞ்சம் கூராவே பிடிங்க," என்றார்.